மாமியின் முழங்காலும் பலெர்மோவின் மாடிப்படிகளும்

பலெர்மோ
ஏப்ரல் 26

அன்புள்ள தங்கச்சி சுமதிக்கு,

அத்தானும் பிள்ளைகளும் சுகம். நீங்கள் ஜூலையில் வருகிறீர்கள் என்று கேட்டதிலிருந்து சின்னவளுக்கு வேறு கதையில்லை.

நீ அனுப்பிய வீட்டுப் படங்கள் முழுவதையும் பார்த்தேன். ரவிக்கு அந்த வுச்சிரியா வீடு பிடித்துக்கொண்டதாம், காசு கட்டட்டுமா என்று கேட்கிறாராம். கொஞ்சம் பொறுக்கச் சொல். போனில் சொல்லலாம்தான். ஆனால் இரண்டு பிள்ளைகளும் பக்கத்தில் நின்று அடிபடும்போது நீ என்னத்தைக் கேட்கப்போகிறாய்? அதுதான் ஆறுதலாக இருந்து எழுதுகிறேன். மாமிக்கும் வாசித்துக் காட்டு.

சொந்தத் தமக்கை அங்கே இருக்க வாடகை வீடு தேடுகிறார்களே என்று மாமி மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளக்கூடாது. எங்களுடையது இரண்டு அறை, நாலாம் மாடி, லிஃப்ற் கிடையாது. சந்தைச் சாமானோடு வந்தால் நானே இரண்டாம் மாடியில் நின்று மூச்சு வாங்கிவிட்டுத்தான் ஏறுகிறேன். மாமியை ஒருநாள் ஏற்றினால் மறுநாள் இறக்க முடியாது. சமையல் என் பொறுப்பு, சட்டியோடு நான் வருவேன். படுக்கை மட்டும் வேறிடம்.

இந்த விஷயத்தில் நீ என் பேச்சைக் கேட்கலாம். இங்கே நம்முடைய பெண்கள் கனபேருக்கு வீட்டுவேலைதான் சீவியம். முந்தி லிபெர்த்தா வீதிப் பக்கம் வயதான சீமாட்டிகளின் வீடுகளைத் துடைத்தோம். இப்போது வெளிநாட்டுக்காரர் தங்கிப்போகிற வீடுகளும் சேர்ந்துகொண்டன. விடிய ஒரு கூட்டம் வெளிக்கிட, பின்னேரம் அடுத்த கூட்டம் வருமுன் விரிப்பு மாற்றி, குளியலறை கழுவி, திறப்பை உரிய இடத்தில் வைத்துவிட்டு வருகிறவர்கள் நாங்கள். எந்தச் சுவர் மழைக்கு ஊறும், எந்த யன்னலுக்குக் கீழே குப்பைத் தொட்டி நாறும், எந்த அறையில் படுத்தவர்கள் நித்திரையில்லாத முகத்தோடு வெளியே வருவார்கள் என்பதெல்லாம் எங்களுக்குத் தெரியும். படத்தில் இது ஒன்றும் விழாது.

எந்தப் பகுதி நல்லது என்று கேட்டிருக்கிறாய். அப்படிக் கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். யார் வருகிறார்கள், இரவு எத்தனை மணிக்கு எந்த றோட்டால் திரும்பி நடப்பார்கள் என்றுதான் பார்க்க வேண்டும். உன்னுடைய கூட்டத்தில் முழங்கால் உளைவோடு ஒரு மாமி, மச்சம் தொடாதவ. ஒரு இடத்தில் இருக்கமாட்டாத இரண்டு பிள்ளைகள். பழைய கல்லையும் கோட்டையையும் கண்டால் சாப்பாட்டை மறக்கிற ரவி. காலமோ ஜூலை. இதெல்லாம் சேர்த்துத்தான் நான் இடம் பார்க்கிறேன்.

பழைய பட்டினத்தின் அமைப்பு சுலபம். கடற்கரையில் போர்த்தா ஃபெலீச்சே என்ற வாசலில் இருந்து மேலே அரண்மனை வரை ஒரு நேர் றோட்டுப் போகிறது. பெயர்ப்பலகையில் வித்தோரியோ இமானுவேலே வீதி என்றிருக்கும், ஊர்ச்சனம் கஸ்ஸாரோ என்பார்கள். அதை மக்குவேதா வீதி குறுக்கே வெட்டுகிறது. வெட்டுகிற சந்தி குவாத்ரோ கந்தி. நாலு மூலையும் உள்வளைந்து, ஒவ்வொன்றிலும் கீழே ஒரு நீரூற்று, மேலே ஒரு ஸ்பானிய அரசன், அதற்கும் மேலே ஒரு புனிதை. 1608இல் தொடங்கிக் கட்டியது. அந்தச் சந்தி பழைய பட்டினத்தை நாலு துண்டாக்குகிறது. கடல் பக்கம் கல்சாவும் வுச்சிரியாவும், மலைப் பக்கம் பல்லரோச் சந்தை இருக்கிற அல்பெர்கெரியாவும் காப்போவும். இந்த நாலுக்கும் வடக்கே அகலமான றோட்டுகளோடு புதுப் பட்டினம். இவ்வளவும் மனதில் இருந்தால் எந்த விலாசத்தைக் கண்டாலும் நீயே மட்டுக்கட்டலாம்.

ரவியின் வுச்சிரியா வீட்டைப் பார்ப்போம். படத்தில் கிடக்கிற பல்கனி வடிவுதான், பொய் சொல்லக்கூடாது. 'வரலாற்றுச் சந்தையின் நடுவில்' என்று எழுதியிருக்கிறார்கள். சந்தை எங்கே இருக்கிறது? ஒரு காலத்தில் அந்தக் கல்லுத்தரை மீன்தண்ணீரில் எப்போதும் நனைந்தே கிடக்குமாம். நடக்காத காரியத்துக்கு இந்த ஊர்க் கிழவிகள் 'வுச்சிரியாக் கல்லுக் காயும்போது பார்ப்போம்' என்பார்கள். இப்போது கல்லுக் காய்ந்துவிட்டது. பகலில் நாலைந்து தட்டுகள், பின்னேரம் ஆனால் பிளாஸ்ரிக் கதிரையும் பியரும், இரவு பத்துக்குப் பிறகு ஒலிபெருக்கி. வெள்ளி, சனி என்றால் விடியப்புறம் மூன்று மணிக்கும் பாட்டு ஓயாது. அந்தப் பல்கனி சரியாக அதன் தலைக்கு மேலே இருக்கிறது. ஜூலையில் யன்னலைப் பூட்டினால் புழுக்கம், திறந்தால் மாமி படுக்கமாட்டா. இருபது வயதுப் பொடியன்கள் வருவதானால் அதைவிட நல்ல இடம் இல்லை என்பேன். குத்தூஸோ என்ற ஓவியர் 1974இல் அந்தச் சந்தையைச் சுவரளவு படமாகக் கீறியிருக்கிறார். மீன், இறைச்சி, பழம், முட்டை, அதற்குள் நெருக்குப்பட்டு நடக்கிற சனம். பழைய வுச்சிரியாவைப் பார்க்க ஆசையென்றால் ரவி அந்தப் படத்தைப் பார்க்கட்டும். அது எங்கே தொங்குகிறது என்று பிறகு சொல்கிறேன்.

மலிவாய் இருக்கிறது என்று நீ குறித்து வைத்த பல்லரோ வீட்டுக்கும் வருகிறேன். பல்லரோவை நான் குறை சொல்லமாட்டேன். எங்களுடைய சாமான் அங்கேதான். கத்தரிக்காய் உருண்டையாய், ஊதாவும் வெள்ளையும் கலந்து, ஒன்று அரைக்கிலோ வரும். ஆளைவிட நீளமான பச்சைச் சுரைக்காய் வரும், அதன் கொழுந்தையும் கட்டுக் கட்டாய் விற்பார்கள். கொழுந்தில் சுண்டல் செய்தால் முருங்கையிலை தோற்கும். யாவாரிகள் கூவுகிற கூவலுக்குப் பக்கத்தில் நின்று கதைக்க முடியாது. நம்மவர், வங்காளதேசத்தார், கானாக்காரர், நைஜீரியாக்காரர், ஊர்ச்சனம் எல்லாம் ஒரே ஒழுங்கைக்குள். விடிய ஒன்பது மணிக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நான் வருவேன், ரவியின் கமெராவுக்கும் வேலை இருக்கும். ஆனால் சந்தை கலைந்த பிறகு அந்த ஒழுங்கைகளில் வெளிச்சம் குறைவு, சில மூலைகளில் தூள் விற்கிறவர்களும் நிற்பார்கள். எங்களுக்கு முகம் தெரியும், ஒன்றும் செய்யமாட்டார்கள். முகம் தெரியாத ஆட்கள் இரவு பத்து மணிக்குச் சூட்கேசை இழுத்துக்கொண்டு, போனில் வழி பார்த்துக்கொண்டு திரிவது வேறு. தரையில் நாள் முழுக்க இலையும் தண்ணீரும் கிடக்கும். மாமி வழுக்கினால் உங்கள் விடுமுறை ஆஸ்பத்திரியில்தான்.

ஸ்ரேசன் பக்கம் ஒரு வரியில் முடிக்கிறேன். விடிய ரெயின் பிடிக்கிறவர்களுக்குச் சரி, மற்றவர்களுக்கு ஒரு காரணமும் இல்லை. செஃபலுக் கடற்கரைக்கு ஒருநாள் ரெயினில் போகத்தான் போகிறோம், அதற்காக அங்கே படுக்க வேண்டியதில்லை.

நீ அதிகம் ஆசைப்படுவது துறைமுகப் பக்கத்துக்கு என்று தெரிகிறது. நாப்போலியில் இருந்து இரவுக் கப்பலில் வருகிறோம், இறங்கினவுடன் வீடு, யன்னலைத் திறந்தால் கடல் என்று எழுதியிருக்கிறாய். சுமதி, இந்தப் பட்டினத்தில் துறைமுகத்துக்குப் பக்கத்தில் கடல் தெரியாது. மதிலும் கம்பிவேலியும்தான் தெரியும். அதற்கு வெளியே கிறிஸ்பி வீதி. கப்பலில் இருந்து இறங்குகிற லொறிகள் எல்லாம் அந்த வழியால்தான் போகும், இரவிரவாய் ஹோர்ன் சத்தம். நம்மூர்க் கடற்கரை மாதிரி வாசலில் மணல் இருக்கும் என்று நினைக்காதே. அதோடு கப்பல் விடியவே வந்துவிடும், வாடகை வீடுகளோ பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகுதான் திறப்புத் தருவார்கள். எங்களுக்குத் துடைக்க நேரம் வேண்டாமா? ஆகவே பக்கத்தில் வீடு எடுத்தும் பிரயோசனம் இல்லை. கப்பலடிக்கு அத்தான் வருவார். பெட்டிகளை எங்கள் வீட்டில் போடுவோம், மாமிக்குத் தேத்தண்ணியைப் போத்தலில் ஊற்றிக்கொண்டு நான் வருவேன்.

மொந்தெல்லோ வேறு கதை. அங்கே கடல் இருக்கிறது. வெள்ளை மணல், ஆழமில்லாத பச்சைத் தண்ணீர், பிள்ளைகள் ஏறி வரமாட்டார்கள். நூறு வருசத்துக்குச் சற்று முன்வரை அது சதுப்பு நிலம். தூர்த்து, வீடு கட்டி, கடலுக்குள் தூண் நாட்டி ஒரு குளிப்பு மாளிகையும் கட்டினார்கள். ஆனால் ஜூலையில் பலெர்மோ முழுக்க அங்கேதான் கிடக்கும். பட்டினத்தில் இருந்து 806 பஸ்சில் ஏறினால் நெரிபட்டுத்தான் போகவேண்டும். கடலுக்காக மட்டும் வருகிறவர்கள் அங்கே தங்கலாம். நீங்கள் மற்றதெல்லாம் பார்க்க வேண்டுமென்றால் ஒவ்வொரு நாளும் அந்தப் பஸ்சில் மாமியை ஏற்றி இறக்க வேண்டும். ஒருநாள் விடியவே போய், வெய்யில் ஏறமுன் வந்துவிடுவோம். அது போதும்.

புதுப் பட்டினத்தில் பொலித்தேயாமா, லிபெர்த்தா வீதிப் பக்கத்தை அத்தான் விடாமல் சொல்கிறார். அவருடைய நியாயமும் நியாயம்தான். அகலமான நடைபாதை, லிஃப்ற் உள்ள கட்டடங்கள், வாசலிலேயே பஸ், இரவு பதினொரு மணிக்கும் குடும்பமாய் சனம் நடக்கும். மாமிக்கு ஒரு கரைச்சலும் இல்லை. எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை. அந்த வீதியில் ஒரு காலத்தில் பூவேலைப்பாட்டு மாளிகைகள் வரிசையாய் நின்றனவாம். யுத்தத்துக்குப் பிறகு ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் அரசியல்வாதியும் மாஃபியாவும் கைகோத்து இடித்து, சீமெந்துப் பெட்டிகளாய் எழுப்பிவிட்டார்கள். எர்னெஸ்தோ பஸீலே கட்டிய தெலியெல்லா மாளிகையை 1959இல் அவசர அவசரமாய் இடித்தார்கள். அந்த வளவு கனகாலம் கார் நிறுத்துகிற இடமாய்க் கிடந்தது. நான் வேலைக்குப் போகிற வழி அது. அங்கே தங்கினால் நல்ல நித்திரை வரும். ஆனால் ஸ்காபரோவில் இருந்து இவ்வளவு தூரம் வந்து, யன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்துக் குளிரூட்டிப் பெட்டிகளையா பார்ப்பது? நான் சொல்கிற இடத்தில் வீடு கிடைக்காவிட்டால் மட்டும் அங்கே எடு.

நான் சொல்வது கல்சா. அதிலும் கண்ட இடத்தில் இல்லை, பியாத்சா மரீனாவைச் சுற்றி.

அந்தச் சதுக்கத்தின் நடுவில் கரிபால்தி தோட்டம். 1860களில் போட்டது. இரும்பு வேலிக்குள் ஒரு மரம் நிற்கிறது. அவுஸ்திரேலியாவில் இருந்து வந்த சாதி, ஆலமரத்துக்குச் சொந்தம். ஐரோப்பாவின் ஆகப் பெரிய மரங்களில் ஒன்று என்பார்கள். கொப்புகளில் இருந்து விழுது இறங்கித் தரையில் ஊன்றி, அதுவே அடிமரமாய்த் தடித்து, எது முதல் மரம் என்று பிடிபடாது. வேர்கள் யானை முதுகளவு உயர்ந்து நெளிந்து கிடக்கும், பிள்ளைகள் அதற்குள் ஒளித்துப் பிடித்து விளையாடும். அதன் கீழே வாங்கில் இருந்தால் வெய்யில் தெரியாது. மாமி நல்லூர் வீதியை நினைத்துக்கொண்டு அங்கே நாள் முழுக்க இருப்பா, பார். ஞாயிறில் சதுக்கத்தைச் சுற்றிப் பழஞ்சாமான் சந்தை. உடைந்த கடிகாரமும் வெள்ளிக் கரண்டியும் பழைய படங்களும் பரப்பி வைத்திருப்பார்கள். வாங்காதே, பார்.

சதுக்கத்தின் ஒரு பக்கம் ஸ்தேரி மாளிகை. பதினாலாம் நூற்றாண்டுக் கட்டடம். பிறகு அதில் திருச்சபையின் விசாரணை மன்றம் இருந்தது, 1782இல் அதை ஒழிக்கும்வரை. அடைத்து வைக்கப்பட்டவர்கள் சுவர் முழுக்கப் படமும் பாட்டும் கீறிவிட்டுப் போயிருக்கிறார்கள். புனிதர்கள், கப்பல்கள், சிசிலித் தீவின் வரைபடம்கூட உண்டு. வெள்ளையடித்து மறைத்திருந்ததைச் சுரண்டி எடுத்தார்கள். குத்தூஸோவின் வுச்சிரியாப் படம் தொங்குவதும் இதே கட்டடத்தில்தான். ரவியை அங்கே விட்டுவிட்டால் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் தேட வேண்டும். கொஞ்சம் நடந்தால் பொம்மலாட்ட அருங்காட்சியகம். கவசம் போட்ட வீரர்கள், கம்பியில் ஆடுகிற வாட்சண்டை. சின்னவன் அங்கேயே நின்றுவிடுவான்.

ஐந்து நிமிடத்தில் கடற்கரை, ஃபோரோ இத்தாலிக்கோ. குளிக்கிற கடல் இல்லை. நீளமான புற்றரை, பின்னேரம் குடும்பங்கள் பாய் விரித்து இருக்கும், பிள்ளைகள் பட்டம் விடும், பந்தடிக்கும். அந்தப் புல்லுக்குக் கீழே இருப்பது யுத்த இடிபாடு. 1943இல் நேச நாட்டு விமானங்கள் துறைமுகத்தைக் குறிவைத்துப் பலெர்மோ மீது குண்டு போட்டன. துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்த கல்சாவுக்குப் பெரிய அடி. இடிந்த வீடுகளின் கல்லையும் மண்ணையும் அள்ளிக் கடலில் கொட்டினதால் கடல் பின்னுக்குப் போய்விட்டது. பிறகு கல்சா கனகாலம் அப்படியே கிடந்தது. கூரையில்லாத வீடுகளுக்குள் சனம் குடியிருந்தது. குண்டுவிழுந்த வீட்டுக்குள் மரம் முளைக்கிறதை நாங்களும் பார்த்து வந்தவர்கள்தானே, அதனால்தானோ என்னவோ எனக்கு அந்தப் பகுதியில் ஒரு பாசம். மஜோனே சதுக்கத்தில் வீடுகள் நின்ற இடம் இப்போது வெறும் புல்வெளி. மாஃபியாவை எதிர்த்து 1992இல் கொல்லப்பட்ட நீதவான்கள் ஃபல்கோனேயும் பொர்செல்லீனோவும் அந்தப் பகுதியில்தான் பிறந்து வளர்ந்தார்கள். அதன் பக்கத்தில் ஸ்பாஸிமோ என்ற தேவாலயம், 1509இல் தொடங்கி, முடிக்காமல் விட்டது. கூரை இல்லை. உள்ளே பீடத்தை நோக்கி நடக்கிற இடத்தில் மரம் நிற்கிறது.

குறையும் சொல்லவேண்டும். மஜோனே சதுக்கத்தை ஒட்டிய வீடு வேண்டாம். வார இறுதியில் அங்கேயும் பொடியன்கள் கூடிக் குடிப்பார்கள். கஸ்ஸாரோவுக்கு வடக்கே போகாதே, இரண்டு திருப்பத்தில் வுச்சிரியா வந்துவிடும். மரீனாவில் இருந்து கடலை நோக்கியும் தெற்கே பூந்தோட்டத்தை நோக்கியும் உள்ள வீதிகளில் பார். பூந்தோட்டம் என்றது தாவரவியல் தோட்டத்தை. அங்கே வாசல் சீட்டு வாங்க வேண்டும், மாமிக்காக நான் வாங்குவேன்.

அடுத்தது வீடு. பகுதி சரியாக இருந்தும் வீடு பிழைத்தால் எல்லாம் வீண். கனடாவில் முதலாம் மாடி என்றால் தரை, இல்லையா? இங்கே தரைக்குக் கணக்கே இல்லை, அதற்கு மேலேதான் ஒன்று. அதற்கிடையில் அம்மெத்ஸாத்தோ என்று ஒரு குட்டை மாடியும் பதுங்கியிருக்கும். பழைய மாளிகைகளில் பிரபுக்கள் இருந்த மாடிக்குக் கூரை மிக உயரம். ஆகவே 'இரண்டாம் மாடி, லிஃப்ற் இல்லை' என்று போட்டிருந்தால் மாமியின் கணக்கில் அது நாலு மாடி. வீட்டுக்காரரிடம் மாடியைக் கேட்காதே, எத்தனை படி என்று கேள். லிஃப்ற் இருக்கிறது என்றால், அது வாசலில் இருந்தே தொடங்குகிறதா, பத்துப் படி ஏறித்தான் லிஃப்ற்றைப் பிடிக்க வேண்டுமா என்றும் கேள். இந்த ஊரில் இரண்டும் உண்டு.

அதற்காகத் தரைமாடிக்கும் போகாதே. ஒழுங்கையோரத் தரைமாடி அறைகள் முந்தி ஏழைகள் ஒரே அறையில் குடும்பம் நடத்திய இடங்கள், அல்லது கழுதை கட்டிய இடங்கள். கதவைத் திறந்தால்தான் காற்று. இப்போது வெள்ளையடித்து, மஞ்சள் விளக்குப் போட்டு, 'அழகிய சிறு குடில்' என்று வாடகைக்கு விடுகிறார்கள். வெள்ளைக்குப் பின்னால் சுவர் ஈரம். நாங்கள் வாராவாரம் பூஞ்சணம் துடைக்கிறோம்.

ஏ.சி. படுக்கும் அறையில் இருக்க வேண்டும், விறாந்தையில் இருந்து பிரயோசனமில்லை. ஆபிரிக்காப் பக்கத்தில் இருந்து ஷிரோக்கோ என்ற காற்று அடிக்கிற நாளில் முகத்தில் அடுப்பைத் திறந்தது போல இருக்கும். கூரையில் தண்ணீர்த் தாங்கி இருக்கிறதா என்றும் கேள். 2024 வறட்சியில் பட்டினத்தில் தண்ணீரை முறைவைத்துத்தான் விட்டார்கள். தாங்கி உள்ள வீட்டுக்குக் கவலை இல்லை. குசினியில் யன்னல் இருக்கட்டும். கடுகு, வெங்காயம் தாளித்த மணம் கட்டில் விரிப்பில் ஏறினால் அடுத்து அதைத் தோய்க்கிறவள் என்னைப் போல ஒருத்திதான். இண்டக்‌ஷன் அடுப்பென்றால் சொல், என் அலுமினியச் சட்டி அதில் வேலை செய்யாது, வேறு சட்டி கொண்டுவருவேன்.

2025 ஜனவரி முதல் இத்தாலியில் இப்படி வாடகைக்கு விடுகிற ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தேசிய அடையாள இலக்கம் கட்டாயம். விளம்பரத்திலும் போட வேண்டும், வாசலிலும் தொங்கவிட வேண்டும். இலக்கம் இல்லாத வீட்டை நீ தொடாதே. பாஸ்போட் கேட்பார்கள், பயப்படாதே. வந்து 24 மணித்தியாலத்துக்குள் பொலிசுக்குப் பதிய வேண்டியது அவர்களுடைய கடமை. நகரசபை வரி என்று தலைக்கு ஒரு சின்னக் காசு தனியாய்க் கேட்டால் அதுவும் சரிதான்.

ரவி கார் வாடகைக்கு எடுக்கிற எண்ணத்தில் இருந்தால் விடச் சொல். பழைய பட்டினம் முழுக்கக் கட்டுப்பாட்டு வலயம். நுழைகிற இடங்களில் கமெரா. நீங்கள் கனடா போய்ச் சேர்ந்து ஊர்க் கதையெல்லாம் மறந்த பிறகு தண்டக் கடதாசி வரும்.

மாமியின் சாப்பாட்டுக்குப் பயமில்லை. கடலைமாவைக் களியாய்க் கிண்டி, ஆறவிட்டு, மெல்லிய துண்டாய் வெட்டிப் பொரித்துப் பாணுக்குள் வைத்துத் தருவார்கள், பனெல்லே என்று பெயர். எலுமிச்சம்புளி விட்டுக் கொடுத்தால் மாமி இரண்டு சாப்பிடுவா. கத்தரிக்காய்க் கபொனாத்தாவும் நல்லது. ஆனால் தடித்த ரொட்டியில் தக்காளியும் வெங்காயமும் பூசின ஸ்ஃபிஞ்சோனேயைக் கண்டு மரக்கறி என்று நம்பிவிடாதே, அதில் நெத்தலி மாதிரி ஒரு மீன் கரைந்திருக்கும். வெண்ணெய் போட்டது என்று சொல்கிற அரஞ்சீனாவுக்குள்ளும் பன்றி இறைச்சித் துண்டு இருக்கும். கேட்டு வாங்க வேண்டும், நான் கேட்டுத் தருகிறேன்.

கடைசியாகத் திருநாள். சாந்தா ரொசாலியாவின் ஃபெஸ்தீனோவுக்காகத்தானே ஜூலையில் வரச் சொன்னேன். 1624இல் இங்கே கொள்ளைநோய் வந்தது. மலைக்குகையில் கண்டெடுத்த ரொசாலியாவின் எலும்புகளை ஊர்வலமாய்க் கொண்டுவர நோய் நின்றதென்று சனம் நம்புகிறது. அன்றிலிருந்து அவதான் இந்த ஊரின் காவல். 14ஆம் திகதி இரவு தேர் கஸ்ஸாரோவால் கடலை நோக்கி இறங்கும். குவாத்ரோ கந்தியில் நகரபிதா ஏறி 'வாழ்க பலெர்மோ, வாழ்க சாந்தா ரொசாலியா' என்று கத்துவார். கடைசியில் போர்த்தா ஃபெலீச்சேயைத் தாண்டிக் கடற்கரையில் வாணவேடிக்கை. வத்தகப்பழமும் பூண்டு போட்ட நத்தையும் விற்பார்கள். மரீனாப் பக்கம் வீடு இருந்தால் மாமி ஒரு ஏற்றமும் ஏறாமல் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுப் பத்து நிமிடத்தில் கட்டிலுக்கு வந்துவிடலாம். அன்றைக்குப் பகலில் இருந்தே றோட்டுகளை மறித்துவிடுவார்கள், ரக்சி கிட்ட வராது. அதனால் 12ஆம் திகதிக்கு முன் வந்து இறங்குங்கள்.

அதற்கடுத்த ஞாயிறு மலைக்குப் போவோம். மொந்தே பெல்லெக்ரீனோவில், குகைக்குள்தான் கோயில். பாறையில் வடிகிற தண்ணீரைத் தகரப் பீலிகள் ஏந்திக்கொண்டு போகும். சைவம், வேதம் என்று பாராமல் நம்முடைய சனம் ஞாயிறுதோறும் அங்கே நிற்கும். நேர்த்தி வைத்தவர்கள் வெறுங்காலோடு ஏறுவார்கள். மாமியை 812 பஸ்சில் ஏற்றிக்கொண்டு போகலாம், பஸ் கோயிலடி வரை போகும்.

ஆகவே ரவியிடம் சொல், வுச்சிரியா வேண்டாம். கல்சாவில், மரீனாவுக்குக் கிட்ட, லிஃப்ற் வாசலில் இருந்து தொடங்குகிற, படுக்கும் அறை உள்முற்றத்தைப் பார்த்த வீடு. றோட்டைப் பார்த்த பல்கனி இருந்தால் நல்லது, ஆனால் கட்டில் அந்தப் பக்கம் வேண்டாம். பிடித்த வீடு இரண்டு மூன்றைத் தெரிந்து வீதிப் பெயரும் வீட்டு இலக்கமும் எனக்கு அனுப்பு. வேலை முடிந்து வருகிற வழியில் போய்ப் படியை எண்ணிச் சொல்கிறேன். அதற்குப் பிறகு காசு கட்டுங்கள்.

மாமிக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு முத்தங்கள்.

அன்புடன்,
அக்கா

பி.கு.: ஜூலை நடு வீடுகள் வைகாசிக்குள் முடிந்துவிடும். இந்தக் கிழமையே பார்.